மிச்சமான நிலக்கரி எங்கே போனது?

உலகெங்கும் ஓடும் கப்பல்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 105.6 கோடி டன். மனிதச் செயல்களால் அவ்வாண்டு வெளியான மொத்தத்தில் இது 2.89 விழுக்காடு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020இல் வெளியிட்ட நான்காம் பசுங்குடில் வாயு ஆய்வறிக்கை தரும் கணக்கு இது. அதே அறிக்கையில் வேறு இரண்டு கணக்குகளும் உள்ளன. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுசெல்ல வெளியாகும் கார்பன், 2008ஐ நோக்க 2018இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் கப்பல்களின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வு 2012க்கும் 2018க்கும் இடையில் 9.6 விழுக்காடு கூடியிருந்தது.

கப்பல்கள் சிக்கனமாகிக்கொண்டே வருகின்றன. அவை எரிக்கும் எரிபொருளும் கூடிக்கொண்டே வருகிறது. இந்த முரணைப் புதியதென்று கருத வேண்டியதில்லை. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியலாளர் ‘தி கோல் குவெஸ்ச்சன்’ என்ற நூலில் இதை எழுதிவைத்தார். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொறி வந்தால் எரிபொருளின் தேவை குறையும் என்று நினைப்பது பிழை. சிக்கனம் அப்பொறியை மேலும் பல இடங்களுக்குக் கொண்டுசேர்க்கும், மொத்தச் செலவு கூடும் என்பது அவர் வாதம். அவர் கண்முன் இருந்தவை வாட்டின் நீராவிப் பொறியும் ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகளும். கப்பல்களின் வரலாறு அவ்வாதத்துக்கு அவை அளவுக்கே வலுவான சான்று.

கார்பன் உமிழ்வைக் குறைக்கும் கப்பல் வடிவமைப்பைப் பற்றிய இன்றைய எழுத்துகளில் வரலாறு பெரும்பாலும் ஒரு முன்னேற்றப் பட்டியலாகவே வருகிறது: இன்ன ஆண்டில் இன்ன கண்டுபிடிப்பு, இத்தனை விழுக்காடு மிச்சம். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மிச்சமான நிலக்கரி எங்கே போனது?

1. தூரம்

நீராவிக் கப்பலின் முதற்பகை அதன் வயிற்றிலேயே இருந்தது. நெடுந்தூரம் செல்ல நிறைய நிலக்கரி வேண்டும். நிலக்கரி ஏறினால் சரக்குக்கு இடமில்லை. ஆகவே 1830களில் அட்லாண்டிக் பெருங்கடலை நீராவியால் மட்டுமே கடந்து இலாபம் காண முடியாது என்று நம்பியவர்கள் பலர். பெரிதாகக் கட்டினால் இன்னும் பெரிய பொறி வேண்டும், இன்னும் அதிக நிலக்கரி வேண்டும், ஆகவே பயனில்லை என்பது அவர்கள் கணக்கு.

இசம்பார்ட் கிங்டம் புரூனல் அந்தக் கணக்கைத் திருத்தினார். கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். நீர் தரும் தடையோ ஏறத்தாழ நான்கு மடங்கே ஆகும். எனவே கப்பல் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு டன்னுக்கும் ஆகும் எரிபொருள் குறையும். 1838 ஏப்ரலில் அவருடைய ‘கிரேட் வெஸ்டர்ன்’ பிரிஸ்டலிலிருந்து நியூயார்க்கை அடைந்தபோது சுமார் 200 டன் நிலக்கரி மீதம் இருந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்னர் வந்துசேர்ந்த சிறிய கப்பலான ‘சிரியஸ்’ தன் நிலக்கரியை ஏறக்குறைய முழுவதும் தீர்த்திருந்தது.

இன்று 400 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டகக் கப்பல்கள் ஓடுவதற்கு அடிப்படையான நியாயம் இதுதான். ஆனால் புரூனலே இந்த நியாயத்தை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றார். எங்கும் நிலக்கரி ஏற்றாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழ்த்திசை நாடுகளை அடைவதற்கென்று அவர் வடிவமைத்த ‘கிரேட் ஈஸ்டர்ன்’ 1858இல் நீரில் இறங்கியது. நீளம் 692 அடி. 4,000 பயணிகளுக்கு இடம். அத்தனை பெரிய கப்பலை நிரப்பும் சரக்கும் பயணிகளும் அன்றைய வணிகத்தில் இல்லை. பயணிக் கப்பலாகத் தோற்ற அது, கடலடித் தந்திக் கம்பி பதிக்கும் கப்பலாயிற்று. 1870இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கம்பி பதித்ததும் அதுவே. ஒரு டன்னுக்கு ஆகும் சிக்கனம் அந்த டன் இருந்தால்தான் சிக்கனம். பெரிய கப்பல், தன்னை நிரப்பிக்கொள்ளப் பெரிய வணிகத்தைக் கோருகிறது.

2. அன்னமும் காகமும்

புரூனலிடம் இரயில்பாதைப் பணியில் இருந்தவர் வில்லியம் ஃபிரவுட். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ அலைகளில் எப்படி உருளும் என்று ஆராயும்படி புரூனல் கேட்டதிலிருந்து அவர் கவனம் கப்பல்கள்மேல் திரும்பியது. அக்காலத்தில் ஒரு கப்பலின் வடிவம் நீரில் எவ்வளவு தடையைச் சந்திக்கும் என்பதைக் கட்டி முடித்த பிறகே அறிய முடிந்தது. சிறு மாதிரிகளை இழுத்துப் பார்த்த முன்னோர் சிலர் உண்டு; ஆனால் மாதிரியில் கண்ட எண்ணை முழுக் கப்பலுக்கு எப்படிப் பெருக்குவது என்பதற்கு நம்பத்தக்க விதி இல்லை. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் அமைத்த குழு, முழுக் கப்பல்களையே இழுத்துச் சோதிக்கலாம் என்று 1869இல் பரிந்துரைத்தது. குழுவில் இருந்த ஃபிரவுட் அதற்கு உடன்படவில்லை.

அவருடைய தீர்வு, தடையை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. ஒன்று, கப்பலின் தோலில் நீர் உரசுவதால் வரும் உராய்வுத் தடை. மற்றது, கப்பல் நீரைக் கிழித்து அலைகளை எழுப்பிக்கொண்டே போவதால் வரும் அலைத்தடை. இரண்டும் ஒரே விதிக்கு உட்பட்டவை அல்ல. உராய்வை, நீரில் பலகைகளை இழுத்துத் தனியே அளந்து கணக்கிடலாம். அலைத்தடைக்கு ஓர் அழகான விதி உண்டு: மாதிரியும் கப்பலும் எழுப்பும் அலைகளின் வடிவம் ஒத்திருக்க வேண்டுமானால், இரண்டின் வேகங்கள் அவற்றின் நீளங்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். 100 மீட்டர் கப்பல் மணிக்கு 20 கடல் மைல் செல்வதை அறிய, 4 மீட்டர் மாதிரியை மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் இழுத்தால் போதும்.

இவ்விதிக்கு அவரை இட்டுச்சென்ற சோதனைகள் 1860களின் பிற்பகுதியில் டெவன் மாவட்டத்தின் டார்ட் ஆற்றில் நடந்தன. இரு வேறு வடிவங்களில் மாதிரிகள். ஒன்று முனைகள் பருத்தது. அதற்கு ‘ஸ்வான்’ என்று பெயர், அன்னம். மற்றது முனைகள் கூர்ந்தது, ‘ரேவன்’, அண்டங்காக்கை. கூரிய வடிவமே நீரை எளிதாகக் கிழிக்கும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. சோதனை சொன்னது வேறு. தாழ்ந்த வேகத்தில் காக்கைக்குத் தடை குறைவு. வேகம் கூடியபோது அன்னத்துக்குத் தடை குறைவு. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை. ஒரு வேகத்துக்கே ஒரு வடிவம் சிறந்தது. இம்முடிவை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 140 ஆண்டுகளுக்குப் பின் இது திரும்பி வரும்.

கடற்படைத் தலைமை 2,000 பவுண்டு அளித்தது. டார்க்கீ நகரில் தம் வீட்டருகே 278 அடி நீளம், 36 அடி அகலம், 10 அடி ஆழமுள்ள தொட்டியை ஃபிரவுட் அமைத்தார். 1872இல் அது இயங்கத் தொடங்கியது. மாதிரிகள் பாரஃபின் மெழுகால் ஆனவை. செதுக்கலாம், சோதனை முடிந்ததும் உருக்கி மறுபடி வார்க்கலாம். முன்னதாக 1871இல் ‘கிரேஹவுண்ட்’ என்ற கடற்படைக் கப்பலை மற்றொரு கப்பலால் இழுக்கச் செய்து அதன் தடையை அவர் நேரடியாக அளந்திருந்தார். மாதிரி சொன்னதும் கப்பல் சொன்னதும் பொருந்தின. இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது: பொறி தரும் ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்கே கப்பலை முன்னால் நகர்த்தப் பயன்பட்டது. மற்றது பொறியின் உள் உராய்விலும் உந்துசுழலியிலும் வீணாயிற்று.

இன்று எந்தப் பெரிய கப்பலும் இழுவைத் தொட்டியில் சோதிக்கப்படாமல் கட்டப்படுவது அரிது. 1883இல் டென்னி நிறுவனம் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் முதல் வணிகத் தொட்டியை அமைத்தது. விசாகப்பட்டினத்தில் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்திலும், சென்னை ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறையிலும் உள்ள தொட்டிகள் அதே மரபின் கிளைகள்.

ஆனால் கடற்படை 2,000 பவுண்டு கொடுத்தது நிலக்கரியை மிச்சப்படுத்துவதற்கு மட்டுமன்று. அதே பொறியைக் கொண்டு இன்னும் விரைவாகச் செல்லும் போர்க்கப்பலே அதன் முதல் நாட்டம். தடையைக் குறைக்கும் அறிவியல் பிறந்த நாளிலேயே அதன் விளைச்சல் வேகத்துக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது எனலாம்.

3. பாய்களின் வீழ்ச்சி

ஃபிரவுட் தடையை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் லிவர்பூலின் ஆல்ஃபிரட் ஹோல்ட் பொறியைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு முறை விரிந்து வேலை செய்த நீராவியை வீணே வெளியேற்றாமல் இரண்டாவது உருளையில் மீண்டும் விரியவிடுவது கூட்டுப்பொறி. அதற்கு உயரழுத்தக் கொதிகலன் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் இயங்கிய அவருடைய ‘அகமெம்னான்’ 1866இல் லிவர்பூலிலிருந்து சீனத்துக்குப் புறப்பட்டது. மொரீசியசு வரையிலான சுமார் 8,500 மைலை எங்கும் நிலக்கரி ஏற்றாமலே கடந்தது.

பாய்க்கப்பல்கள் காற்றை எரிபொருளாகக் கொண்டவை. அவற்றின் கார்பன் கணக்கு சுழி. அட்லாண்டிக்கில் தோற்ற பிறகும் சீனம், இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய நெடுந்தொலைவு வழிகளில் அவை நின்று நிலைத்ததற்குக் காரணம், நீராவிக் கப்பல் தின்னும் நிலக்கரியே. தூரம் கூடக்கூட நீராவி தோற்கும். கூட்டுப்பொறி அந்த அரணை உடைத்தது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் மீதியைச் செய்தது. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு உதவாதது. தேயிலை ஏற்றிவரக் கட்டிய ‘கட்டி சார்க்’ நீரில் இறங்கியதும் அதே 1869இல்தான். சில ஆண்டுகளுக்குள் சீனத் தேயிலை நீராவிக்கு மாறியது.

இதை ஜெவன்ஸின் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு ஆகும் நிலக்கரி குறைந்தது. அதனாலேயே, அதுவரை நிலக்கரி எரிக்காத வழிகளிலெல்லாம் நிலக்கரி எரிந்தது. சிக்கனமான பொறி விரட்டியது வீணான பொறியை மட்டுமன்று. பொறியே இல்லாத கப்பலையும்.

இச்சிக்கனத்துக்கு ஒரு மனிதக் கணக்கும் உண்டு. 1839இல் கிழக்கிந்தியக் கும்பெனி கைப்பற்றிய ஏடனும், கொழும்பும், சிங்கப்பூரும் நிலக்கரித் துறைகளாயின. பிரித்தானியக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் பஞ்சாபிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் வந்த இந்தியக் கப்பலாளர்கள் கரி அள்ளினர். சாரங்கும் தண்டலும் அவர்களை மேய்த்தனர். ‘ஒரு மணி நேரத்துக்கு ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை பவுண்டு’ என்று பொறியியல் நூல்களில் நாம் காணும் எண்களை, செங்கடல் வெப்பத்தில் அவர்கள் வாரிப்போட்ட மண்வாரிகளாகவும் வாசிக்க வேண்டும். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கும் டீசலுக்கும் கப்பல்கள் மாறியபோது அவ்வேலைகள் மறைந்தன. 1912இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் சென்ற ‘செலாண்டியா’ அம்மாற்றத்தின் முன்னோடி: கரி அள்ளுவோரே இல்லாத பெருங்கடற் கப்பல்.

4. வேகம்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கப்பல் அறிவியலின் மிச்சங்கள் பெரும்பாலும் வேகத்துக்கே போயின. 1907இல் ஓடத் தொடங்கிய ‘மௌரிட்டானியா’ நீராவிச் சுழலிகளால் இயங்கியது; நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரி எரித்து, அட்லாண்டிக் வேகப் பட்டத்தை 1929 வரை தக்கவைத்தது.

கப்பலின் முகப்பில் நீர்மட்டத்துக்குக் கீழே நீண்டிருக்கும் குமிழ் மூக்கின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகப்பு நீரைப் பிளக்கும் இடத்தில் ஓர் அலை எழுகிறது. அதற்குச் சற்று முன்னால் நீருக்கடியில் ஒரு குமிழ் இருந்தால் அதுவும் ஓர் அலையை எழுப்பும். ஓர் அலையின் முகடும் மற்றதன் பள்ளமும் ஓரிடத்தில் சேருமாறு அமைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். அலையை எழுப்ப வீணாகும் ஆற்றல் குறையும். அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர், வாஷிங்டன் தொட்டியில் சோதித்து, 1910இல் பணியில் சேர்ந்த ‘டெலவேர்’ போர்க்கப்பலில் இவ்வடிவத்தைப் பயன்படுத்தினார். அடுத்து அதை ஏற்றவை 1929இன் ‘பிரெமன்’ போன்ற அதிவேகப் பயணிக் கப்பல்கள்.

கணிதம் இதற்கு முன்பே தயாராக இருந்தது. மெல்போர்னைச் சேர்ந்த ஜான் ஹென்றி மிச்சல் 1898இலேயே கப்பலின் அலைத்தடையைக் கணக்கிடும் கோவையை வெளியிட்டிருந்தார். பல பத்தாண்டுகள் அதைப் பயன்படுத்துவோர் இல்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோக்கியோவின் தக்காவோ இனூய், அலைகள் ஒன்றையொன்று தணிப்பதைக் கோட்பாட்டாலும் சோதனையாலும் நிறுவி, ‘குரேனாய் மாரு’ என்ற பயணிக் கப்பலில் பெரிய குமிழைப் பொருத்திக் காட்டினார். அதன் பிறகே குமிழ் மூக்கு எண்ணெய்க் கப்பல்களிலும் சரக்குக் கப்பல்களிலும் பரவியது. ஒரு கோட்பாடு பயனுக்கு வர ஏறத்தாழ 60 ஆண்டுகள். அறிவு இல்லாமையைவிட, அந்த அறிவைத் தேடும் தேவை இல்லாமையே இடைவெளிக்குப் பெருங்காரணமாகத் தோன்றுகிறது.

5. மலிவு கொன்ற கப்பல்கள்

இத்தேவையின் ஏற்றத்தாழ்வை இரண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது 1924இல் ஜெர்மனியில். சுழலும் உருளைமேல் காற்று வீசினால் காற்றுக்குக் குறுக்கான திசையில் ஒரு விசை பிறக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் குஸ்டாவ் மேக்னஸ் ஆராய்ந்திருந்தார். ஆன்டன் ஃபிளெட்னர் அதைக் கொண்டு ‘புக்காவ்’ என்ற கப்பலின் பாய்மரங்களை நீக்கி, 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள இரண்டு சுழலும் உருளைகளை நிறுத்தினார். கப்பல் ஓடியது. 1926இல் ‘பாடன் பாடன்’ என்ற பெயரில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சென்றது. அதே ஆண்டில் மூன்று உருளைகளுடன் ‘பார்பரா’ கட்டப்பட்டது. அத்தோடு முயற்சி நின்றது. இயற்பியலில் குறை காணப்படவில்லை. டீசலும் எண்ணெயும் மலிந்திருந்த உலகில் மிச்சப்படுத்துவதற்கு ஊதியம் இல்லை.

இரண்டாவது 1973இல். எண்ணெய் மலிவாக இருந்த 1960களின் இறுதியில், அமெரிக்காவின் சீலேண்ட் நிறுவனம் மணிக்கு 33 கடல் மைல் செல்லும் எட்டு பெட்டகக் கப்பல்களைக் கட்ட ஆணையிட்டது. முழு வேகத்தில் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 500 டன்னுக்கும் மேல் எண்ணெய் எரித்தது. அவை ஓடத் தொடங்கிய சூட்டிலேயே, 1973 இறுதியிலிருந்து 1974 தொடக்கத்துக்குள், எண்ணெய் விலை ஒரு பீப்பாய்க்குச் சுமார் 3 டாலரிலிருந்து ஏறத்தாழ 12 டாலராயிற்று. பத்தாண்டு நிறைவதற்குள் எட்டையும் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றுவிட்டனர்.

எண்ணெய் ஏறியதும் உலகம் சிக்கனத்தை நினைவுகூர்ந்தது. நீண்ட வீச்சும் குறைந்த சுழற்சியும் கொண்ட இருவீச்சு டீசல் பொறிகளும், பெரிய விட்டமும் மெல்லிய சுழற்சியும் கொண்ட உந்துசுழலிகளும் அக்காலத்தில் வேகமாக வளர்ந்தன. 1980இல் ஜப்பானில் ‘ஷின் ஐதோக்கு மாரு’ என்ற சிறு எண்ணெய்க் கப்பல், கணினியால் இயங்கும் விறைத்த பாய்களுடன் ஓடத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வேறு சிலவும் கட்டப்பட்டன. 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. பாய்கள் மறுபடி மறைந்தன.

சுழலும் உருளைகளும் விறைத்த பாய்களும் இப்போது மூன்றாம் முறையாக வந்திருக்கின்றன. 2018இல் ‘மெர்ஸ்க் பெலிக்கன்’ எண்ணெய்க் கப்பலில் இரு உருளைகள் பொருத்தப்பட்டன. 2023இல் ‘பிக்ஸிஸ் ஓஷன்’ என்ற மொத்தச் சரக்குக் கப்பல் சிறகு போன்ற இரு பாய்களுடன் பிரேசிலுக்குச் சென்றது. இவற்றைப் ‘புத்தாக்கம்’ என்று எழுதும் செய்திகளை வாசிக்கும்போது, முந்தைய இரு வருகைகளும் எதனால் முடிந்தன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

6. அறுக்கப்பட்ட மூக்குகள்

வேகத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவு கடுமையானது. பொதுவாக, தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் எரிபொருள் சுமார் 27 விழுக்காடு குறையும். பயணம் நீள்வதையும், அதே சரக்கைக் கொண்டுசெல்ல மேலும் சில கப்பல்கள் வேண்டியிருப்பதையும் சேர்த்துக்கொண்டாலும், மொத்தத்தில் சுமார் 19 விழுக்காடு மிஞ்சும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்.

2006இல் வந்த ‘எம்மா மெர்ஸ்க்’ மணிக்கு 25 கடல் மைல் வேகத்துக்குக் கட்டப்பட்டது. பொறியின் திறன் சுமார் 80 மெகாவாட். இரண்டே ஆண்டுகளில், 2008 நடுவில், கப்பல் எண்ணெய் டன்னுக்கு 700 டாலரைக் கடந்தது. அவ்வாண்டின் இறுதியில் நிதி நெருக்கடி வந்தது. சரக்கு குறைந்தது, கப்பல்கள் மிகுந்தன. நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன. மணிக்கு 24, 25 கடல் மைலுக்குக் கட்டிய கப்பல்கள் 18, 20இல் ஊர்ந்தன.

இங்கேதான் அன்னமும் காக்கையும் திரும்பி வருகின்றன. குமிழின் அலை, ஒரு வேகத்தில்தான் முகப்பின் அலையைச் சரியாகத் தணிக்கும். வேகம் குறைந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்தவென்று பொருத்திய அதே மூக்கு தடையாயிற்று. உலர்துறைகளில் பல கப்பல்களின் மூக்குகள் அறுக்கப்பட்டு, தாழ்ந்த வேகத்துக்கேற்ற புது மூக்குகள் ஒட்டப்பட்டன. 2013இல் வந்த 18,000 பெட்டகக் கொள்ளளவுள்ள மெர்ஸ்க்கின் ‘டிரிப்பிள் ஈ’ வகைக் கப்பல்கள் தொடக்கத்திலேயே தாழ்ந்த வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டன. ‘சிக்கனமான கப்பல்’ என்று தனியே ஒன்றில்லை. ‘இந்த வேகத்துக்கு, இந்தச் சுமைக்குச் சிக்கனமான கப்பல்’ என்றே உண்டு. வேகத்தைத் தீர்மானிப்பது வடிவமைப்பாளரின் தொட்டி அன்று. கட்டணச் சந்தையும் எண்ணெய் விலையும்.

7. சட்டம்

1997இன் கியோட்டோ உடன்படிக்கை பன்னாட்டுக் கப்பல்களின் உமிழ்வை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்காமல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பொறுப்பில் விட்டது. அங்கே 2011 ஜூலையில், வழக்கமான ஒருமித்த முடிவாக அன்றி வாக்கெடுப்பின் மூலம், புதுக் கப்பல்களுக்கான ஆற்றல் திறன் வடிவமைப்புக் குறியீடு ஏற்கப்பட்டு, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுசெல்ல எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பதே அதன் அளவுகோல். வரம்பு படிப்படியாக இறுகும். 2023 முதல், ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களும் ஆண்டுதோறும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் பெறுகின்றன. அதே ஆண்டு ஜூலையில், 2050ஐ ஒட்டி நிகர உமிழ்வைச் சுழியாக்கும் இலக்கு அறிவிக்கப்பட்டது. உமிழ்வுக்கு விலை வைக்கும் ஏற்பாடு 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றது. இறுதியாக ஏற்க வேண்டிய அக்டோபர் கூட்டம் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது.

இவற்றில் விலை ஏற்பாட்டைத் தவிர மற்றவை பெரும்பாலும் விகிதத்தையே அளக்கின்றன. ஒரு டன்னுக்கு இத்தனை, ஒரு மைலுக்கு இத்தனை. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட முரண் இடம்பெறுவது இந்த இடைவெளியில்தான். வடிவமைப்புக் குறியீட்டை நிறைவேற்ற எளிய வழிகளுள் ஒன்று சிறிய பொறியைப் பொருத்துவது. அது வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பதற்கு நிகர். இதைக் குறைபாடு என்று சிலர் கருதினர். கொந்தளிக்கும் கடலில் கப்பலைக் கட்டுப்படுத்தக் குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும் என்பதால் அதற்குத் தனி விதிமுறையும் வந்தது, அக்கவலை நியாயமானது. ஆனால் வரலாற்றின் கண்ணில், வேகத்துக்கு வரம்பு வந்தது இவ்விதியின் தலையாய பயன். சிக்கனத்தின் மிச்சத்தை வேகம் விழுங்காமல் தடுக்கும் பூட்டு சட்டத்தில் முதன்முறையாகத் தோன்றியது. எண்ணெய் விலை போல அது தானாகச் சரிந்துவிடாது.

எனில், அப்பூட்டின் செலவு யார் தலையில்? இந்தியாவின் அயல்வாணிகத்தில் எடையளவில் சுமார் 95 விழுக்காடு கடல்வழியே நடக்கிறது. உலகக் கப்பல் கட்டுமானத்தில் இந்தியாவின் பங்கோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சீனம், தென்கொரியா, ஜப்பான் மூன்றுமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கட்டுகின்றன. நம் சரக்கு ஏறும் கப்பலின் வடிவத்தையும் வேகத்தையும் நாம் தீர்மானிப்பதில்லை. அதன் கட்டணத்தை நாம் செலுத்துகிறோம். பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கையை இந்தியா அவ்வமைப்பில் தொடர்ந்து வலியுறுத்தியதை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். ஏடனிலும் கொழும்பிலும் கரி சுமந்தவர்களின் வழித்தோன்றல்கள், முந்தைய நூற்றாண்டு எரித்த கரியின் கணக்கைச் சமமாகப் பகிர வேண்டுமா என்ற வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதே வேளையில், கடல்மட்டம் உயர்வதால் முதலில் இழப்போரும் வளரும் நாடுகளின் கடற்கரை மக்களே என்பதால், அவ்வினாவைத் தள்ளிப்போடுவதற்கான சாக்காகவும் கொள்ள இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து பொறியியல் மாணவர்கள் சோர்வை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிரவுடின் தொட்டி இல்லையேல் இன்றைய கடல்வாணிகம் இன்னும் பல மடங்கு எரித்திருக்கும் என்பதும் உண்மை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்றாக வரவிருக்கும் எரிபொருள்கள் விலை மிகுந்தவை. தடை குறைந்த உடலும் காற்றின் துணையும் இல்லாமல் அவற்றைக் கட்டுப்படியாக்க முடியாது. ஆகவே வடிவமைப்பு இன்றியமையாதது, தனியே போதாதது. 1866இல் மிச்சமான நிலக்கரி தூரத்துக்குப் போனது. 1907இல் வேகத்துக்குப் போனது. அண்மைக் காலத்தில் பெருகும் சரக்குக்குப் போனது. மண்ணுக்கடியில் தங்கியது மிகக் குறைவு.

கப்பல் வடிவமைப்பைப் பற்றிய ஓர் ஆய்வேட்டையோ அரசு அறிக்கையையோ வாசிக்கும்போது, ‘இத்தனை விழுக்காடு மிச்சம்’ என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எந்த எண்ணெய் விலையில் என்று கேளுங்கள். அந்த மிச்சம் அடுத்து யார் கைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். முதல் மூன்று வினாக்களுக்கு இழுவைத் தொட்டியும் கணக்கேடும் விடை தரும். நான்காவதற்கு விடை தேடுவதில் பொறியியலாளரோடு வரலாற்று மாணவருக்கும் பொருளியல் மாணவருக்கும் இடம் உண்டு. மாற்றுக்கருத்துகளையும் விடுபட்ட சான்றுகளையும் பின்னூட்டத்தில் எதிர்பார்க்கிறேன்.